நூல் பிடித்துக் கல் பதித்தல்

ரவாங்கிலிருந்து செரண்டா, புக்கிட் பெருந்தோங் வரையிலும், இந்தப் பக்கம் குண்டாங் வழியாகக் கோலசிலாங்கூர் வரையிலும் ஒரு சுற்றுப் போய் வந்தால், ஒரு காலத்தில் கித்தா மரமும் செம்பனையும் நின்ற இடங்களில் இன்று வரிசை வரிசையாக வீடுகள் நிற்பதைக் காணலாம். வீடு எழும்பினால் அதற்கு முன்னால் சாலை வரும். சாலைக்கு ஓரக்கல் வரும், ஓரக்கல்லுக்கு இந்தப் பக்கம் நடைபாதை வரும். பள்ளிக்கூடம், கோயில், கடைவீதி, பஸ் நிற்குமிடம் என்று எங்கே பார்த்தாலும் கல் பதித்த தரைதான். இத்தனை கல்லையும் பதித்தவர்கள் யார்? பெரும்பாலும் கடல் கடந்து வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள். பதிக்கும்போது பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த வேலையில் கற்றுக்கொள்ளும்படி ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதே என் எண்ணம்.

ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றுபோன பிள்ளை, அதற்கும் முன்பே நின்றுபோன பிள்ளை, இவர்களுக்குத் தோட்டத்தில் இப்போது என்ன வேலை இருக்கிறது? காவல் வேலை, லோரியில் ஏறி இறங்கும் வேலை, தொழிற்சாலையில் இரவு முறை. இவற்றில் நாணயமாக உழைத்துக் குடும்பம் நடத்துவோர் ஆயிரம் பேர் உண்டு. ஆனால் பத்து வருடம் உழைத்த பிறகும் கையில் ஒரு தொழில் மிஞ்சுவதில்லை என்பதே இவற்றில் உள்ள குறை. கல் பதிப்பவன் அப்படியல்ல. முதல் வருடம் மண் அள்ளுவான், இரண்டாம் வருடம் நூல் கட்டுவான். மூன்றாம் வருடம் நான்கு பேரை வைத்துக்கொண்டு தானே ஒரு வீட்டு முற்றத்தை ஒப்பந்தம் பேசுவான்.

"மண்வெட்டி பிடிக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று கேட்கும் தகப்பனார்களை நான் அறிவேன். அந்தக் கேள்வியில் வலி இருக்கிறது. நம் பாட்டன்மார் பொதுப்பணி இலாகாவின் சாலைக் கூட்டங்களில் சல்லி உடைத்தார்கள், தார் ஊற்றினார்கள், ரயில் பாதைக்கு மண் போட்டார்கள். மலாயாவின் பழைய சாலைகளில் தமிழன் வியர்வை படாத மைல்கல் மிகக் குறைவு. அவ்வளவு செய்தும் அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'கூலி'. சொன்ன இடத்தில் சொன்னதை மட்டும் செய்துவிட்டுப் போகும்படிதான் அவர்களை வைத்திருந்தார்கள். அளவும் கணக்கும் மேலே இருந்தவர்களின் கையில் இருந்தன. இன்று அந்த அளவையும் கணக்கையும் நம் பிள்ளை தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். கூலிக்கும் கைவினைஞனுக்கும் உள்ள தூரம் அதுதான்.

இந்த ரவாங்குக்கும் கட்டுமானத்துக்கும் பழைய உறவு உண்டு. 1894ஆம் ஆண்டிலேயே தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் இங்குள்ள தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். நாட்டில் மின்சாரம் முதன்முதல் பயன்பட்டது அங்கேதான் என்று சொல்வார்கள். பக்கத்திலுள்ள பத்து ஆராங்கில் 1960 வரை நிலக்கரி தோண்டினார்கள், செங்கல்லும் சுட்டார்கள். சுண்ணாம்புப் பாறை நிறைந்த ரவாங் சிமெண்டு ஆலைக்கும் பெயர் பெற்றது. 2017 நவம்பரில் திறக்கப்பட்ட ரவாங் புறவழிச்சாலையில், காட்டுக்கு மேலே 58 மீட்டர் உயரத்தில் தூண்கள் நிற்பதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். அவ்வளவு பெரிய வேலையிலும் தரை மட்டத்தில் நடப்பதெல்லாம் நூலும் மட்டமும்தான்.

நூல் பொய் சொல்லாது

வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாள் விழும் வசவு, "தம்பி, நூலைத் தொடாதே!" என்பதாகத்தான் இருக்கும். இரண்டு முளைகளை அடித்து அவற்றுக்கிடையே இழுத்துக் கட்டிய நைலான் நூல்தான் அங்கே சட்டம். கல்லின் மேல் விளிம்பு நூலை உரசியும் உரசாமலும் ஒரு மயிரிழை தள்ளி நிற்க வேண்டும். கல் நூலில் இடித்தால் நூல் வளையும். அந்த வளைவை நம்பி அடுத்த கல்லை வைத்தால் அதுவும் வளையும். பத்தாவது கல்லில் பார்த்தால் வரிசையே பாம்பாகியிருக்கும்.

மூலை எடுப்பது அடுத்த பாடம். பாதை சுவரோடு செங்கோணமாக நிற்க வேண்டுமானால் என்ன செய்வது? ஒரு பக்கம் மூன்றடி அளந்து குறி வைக்க வேண்டும், மறு பக்கம் நாலடி. இரண்டு குறிகளுக்கும் இடையே குறுக்காக ஐந்தடி இருந்தால் மூலை சரி. ஐந்தடிக்குக் கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது. இடைநிலைப் பள்ளியில் பிதாகரஸ் தேற்றம் என்று படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும் அதே கணக்குத்தான். கரும்பலகையில் தலையைச் சொறியும் பையன் இதே கணக்கை வெயிலில் மூன்று முளைகளை அடித்து ஒரு நிமிடத்தில் போட்டுக்காட்டுவான். ஆசிரியர்களாகிய நாங்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

மட்டம் பார்க்க ரசமட்டம் உண்டு. ஆனால் முப்பதடி தூரத்தில் இருக்கும் இரண்டு முளைகளுக்கு அது எட்டாது. அங்கேதான் பழைய கொத்தனார்களின் தண்ணீர்க் குழாய் வருகிறது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் இரண்டு முளைகளோரம் உயர்த்திப் பிடித்தால், நீர் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். குழாய்க்குள் காற்றுக் குமிழி ஒன்றும் இருக்கக் கூடாது. குமிழி இருந்தால் அளவு தப்பும். சில வெள்ளி விலையுள்ள இந்தக் குழாயை வைத்து ஒரு கோயில் மண்டபத்துக்கே மட்டம் எடுக்கலாம்.

மட்டம் எடுத்த பிறகு மட்டத்தை வேண்டுமென்றே கெடுக்கவும் தெரிய வேண்டும்! முழு மட்டமாக இருக்கும் பாதையில் மழைத் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், பாட்டி வழுக்கி விழுவார். நாற்பதுக்கு ஒன்று என்ற அளவில் சாய்வு கொடுப்பது நல்ல வழக்கம். ஒன்றரை மீட்டர் அகலப் பாதையானால் ஒரு பக்கம் மறு பக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருக்கும். நடப்பவனுக்கு அது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். சாய்வு கால்வாய்ப் பக்கம் இருக்க வேண்டும், வீட்டு வாசல் பக்கம் அல்ல. இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கலாம், ஆனால் ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பாதி

இன்டர்லொக்கிங் கல் என்று நாம் சொல்லும் சிமெண்டுக் கல் பதித்த தரையில், கண்ணுக்குத் தெரிவது மேலே உள்ள 60 மில்லிமீட்டர் கல் மட்டும். கார் ஏறும் இடமானால் 80 மில்லிமீட்டர் கல் போடுவார்கள். அதற்குக் கீழே ஓர் அங்குலம் மணல், அதற்கும் கீழே குறைந்தது நான்கு அங்குலம் கிரஷர் ரன் எனப்படும் பொடியும் சல்லியும் கலந்த கல். ஆக ஒரு சாதாரண நடைபாதைக்கே ஏழெட்டு அங்குலம் தோண்ட வேண்டும். மேலே உள்ள புல்லையும் வேரையும் கறுப்பு மண்ணையும் ஒட்ட எடுத்துவிட வேண்டும். வேர் மக்கினால் அந்த இடம் பள்ளமாகும்.

மண்ணைப் பார்த்து ஆழத்தை முடிவு செய்வது அனுபவம். ரவாங் பக்கத்துச் செம்மண் மேடு கெட்டியானது, அங்கே இந்த அளவு போதும். கோலசிலாங்கூர் கடலோரப் பக்கம் களிமண்ணும் சேற்று நிலமும் அதிகம். ரவாங் கணக்கை அங்கே போட்டால், ஒரு மழைக்காலத்தில் பாதை தொட்டிலாகத் தொங்கும். அங்கே ஆழமாகத் தோண்ட வேண்டும், மண்ணுக்கும் சல்லிக்கும் இடையே துணி போன்ற விரிப்பைப் போட வேண்டும், சல்லியைக் கூடுதலாகக் கொட்ட வேண்டும். சல்லியை ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் அடித்துவிட்டுப் போவது சிலரது வழக்கம். அது ஏமாற்று வேலை. சிறிது தண்ணீர் தெளித்து, அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் கொம்பெக்டர் இயந்திரத்தால் அடித்தால்தான் கெட்டிப்படும். கல்லின் அழகைப் பார்த்துக் காசு கொடுப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. ஆனால் ஒரு வருடம் கழித்து அந்தப் பாதையே சொல்லிவிடும், போட்டவன் யார் என்று.

ஓரக்கல்தான் வேலி

ஓரக்கல்லை வேலையிடத்தில் எல்லோரும் 'கெர்ப்' என்றே சொல்லுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது வெறும் கரை. கல் பதிப்பவனுக்கோ அதுதான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் வேலி. மணலின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால்தான் பாரம் தாங்குகின்றன. ஓரத்தில் பிடிப்பில்லையென்றால் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, இடைவெளி விரிந்து, மணல் கசிந்து, நடுவில் பள்ளம் விழும். ஆகவே முதலில் ஓரக்கல், பிறகுதான் உள்கல்.

ஓரக்கல்லை வெறும் மண்ணில் நட்டால் நிற்காது. அடியில் நான்கு அங்குலம் காங்கிரீட்டு போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே கல்லை உட்கார வைத்து, நூலுக்குச் சரியாக வரும்வரை ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். தட்டி இறக்கலாம், தூக்கி ஏற்ற முடியாது. அதனால் காங்கிரீட்டைச் சற்று உயரமாகவே போட்டு வைப்பார்கள். கல் சரியாக உட்கார்ந்ததும் அதன் முதுகுப் பக்கம், கல்லின் பாதி உயரத்துக்கும் மேலே வருமாறு காங்கிரீட்டு அணைத்துச் சரிவாகப் பூச வேண்டும். கார் டயர் வந்து முட்டும்போது கல்லைத் தாங்குவது இந்த முதுகுதான். பிறகு மண் போட்டு மூடிவிடுவதால் அது யார் கண்ணிலும் படாது. படாது என்பதால்தான் பலர் அதில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

சாலையோர ஓரக்கல் ஒன்று அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும். தனியாகத் தூக்குவது வீரமல்ல. இரண்டு பேர் கல் பிடிக்கும் கவ்வியோடு தூக்க வேண்டும். இருபது வயதில் முதுகெலும்பைக் கெடுத்துக்கொண்டவன் நாற்பதில் என்ன செய்வான்?

மணலும் கல்லும்

ஓரக்கல் இறுகிய பிறகு மணல். இரண்டு இரும்புக் குழாய்களைத் தண்டவாளம் போல வைத்து, மேலே நேரான பலகையை இழுத்தால் மணல் பாய் விரித்ததுபோல் சமமாகும். அதன்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. ஒரு காலடித் தடம் பட்டாலும் அந்த இடத்தில் கல் தாழும். பதித்த கல்லின் மேல் நின்றுகொண்டு முன்னோக்கிப் பதித்துக்கொண்டே போக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மழை வரும் நாடு இது, அன்று மூட முடிகிற அளவுக்குத்தான் மணலை விரிக்க வேண்டும்.

கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விடுவது முறை. நடைபாதையானால் செங்கல் சுவர்போல் வரிசை மாற்றிப் பதிக்கலாம். வண்டி போகும் இடமானால் மீன் முள் போன்ற கோணல் வரிசைதான் பலம். டயர் எந்தப் பக்கம் தள்ளினாலும் அது நகராது. ஒரே கட்டிலிருந்து எடுக்காமல் மூன்று நான்கு கட்டுகளிலிருந்து மாற்றி மாற்றி எடுத்தால் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியாது. ஓரத்தில் வெட்டிப் போடும் துண்டு மிகச் சிறியதாக இருந்தால் நிற்காது, பக்கத்துக் கல்லையும் வெட்டி இரண்டையும் நடுத்தரமாக்கிக்கொள்ள வேண்டும்.

கணக்குப் பார்ப்போமா? 200க்கு 100 மில்லிமீட்டர் கல் ஒரு சதுர மீட்டருக்கு 50 வேண்டும். 30 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள பாதை 45 சதுர மீட்டர், ஆக 2,250 கற்கள். வெட்டுவதற்கும் உடைவதற்கும் நூற்றுக்கு ஐந்து கூட்டினால் ஏறக்குறைய 2,365. ஒரு கல் இரண்டே முக்கால் கிலோவுக்குக் குறையாது. அந்தச் சிறு பாதைக்கே ஆறு டன்னுக்கு மேல் கல் கைமாற வேண்டியிருக்கிறது! இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டத் தெரிந்த பையனை எந்த ஒப்பந்தக்காரரும் மண் அள்ளுவதிலேயே வைத்திருக்கமாட்டார். கற்களை எண்ணி, மணல் லோரியைக் கணக்கிட்டு, மிச்சத்தைச் சொல்லும் வேலைக்குப் பெண் பிள்ளைகளும் ஏற்றவர்கள் என்று இங்கே சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

கண் தெரியாதவருக்கும் ஒரு பாதை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சுக்குப் போனவர்கள் நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் புடைத்த கற்களைப் பார்த்திருப்பார்கள். பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் கைத்தடியோடு நடப்பவர்கள் அதிகம். நீளக் கோடுகள் உள்ள கல் 'போகலாம்' என்றும், புள்ளிகள் உள்ள கல் 'நில், கவனி' என்றும் அவர்களுடைய பாதத்துக்குச் சொல்லுகின்றன. இதை உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாக்கே. 1965இல் உருவாக்கி, 1967இல் ஒக்காயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துச் சாலையோரம் முதன்முதல் பதித்தார்கள். இன்று உலகமெங்கும் உண்டு. நம் நாட்டில் உடல் ஊனமுற்றோருக்கான சட்டமும் 2008இல் வந்துவிட்டது.

ஆனால் அந்த மஞ்சள் வரிசை நேராகப் போய் ஒரு விளக்குக் கம்பத்திலோ மூடியில்லாத கால்வாயிலோ முடிவதை நாம் எத்தனை இடத்தில் பார்க்கிறோம்! படத்தில் அப்படித்தான் இருந்தது என்பார்கள். படம் போட்டவர் அலுவலகத்தில் இருந்தார், கம்பத்தைக் கண்ணால் பார்த்தவன் கல் பதித்தவன்தான். "அண்ணே, இங்கே கம்பம் நிற்கிறது, வரிசையைத் திருப்ப வேண்டாமா?" என்று கேட்கும் ஒரு பையன் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் போதும். சக்கர நாற்காலி ஏற ஓரக்கல்லைத் தாழ்த்திப் போடும் இடத்திலும் இதே கதைதான். ஓர் அங்குலம் தூக்கலாக விட்டால் நாற்காலி ஏறாது.

சேருவதற்கு முன்

கட்டுமான இடத்தில் கால் வைக்க வேண்டுமானால் சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பச்சை அட்டை வேண்டும். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த வாரியம் அது. பாதுகாப்புப் பற்றிய ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பதிவு செய்துகொள்ள வேண்டும். அட்டை இல்லாதவனை வேலைக்கு வைப்பவர், வேறு எதையும் ஒழுங்காகச் செய்யமாட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முறையாகக் கற்க விரும்புவோர்க்கு எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் ஒன்று முதல் மூன்று நிலை வரை உண்டு. கியாட்மாரா மையங்கள், ஷா ஆலாமிலுள்ள மொன்போர்ட் பள்ளி போன்ற இடங்களில் தொழிற்கல்வி கிடைக்கிறது. எல்லா மையத்திலும் கட்டுமானப் பாடம் இருக்காது, நேரில் போய்க் கேட்டுக்கொண்டு மனுச் செய்யுங்கள். பல வருடம் வேலை செய்து, காகிதம் ஒன்றும் இல்லாத அண்ணன்மாருக்கும் வழி இருக்கிறது. கையிலுள்ள அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறையைத் திறன் மேம்பாட்டு இலாகா நடத்துகிறது. செய்த வேலைகளின் படங்களைக் கைத்தொலைபேசியில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு அங்கே காரியம் சுலபம்.

சம்பளம் பேசும்போது சொக்சோவும் இ.பி.எப்.பும் உண்டா என்று முதலிலேயே கேட்க வேண்டும். நாள் கூலி சற்றுக் கூடுதலாகத் தருகிறேன், இவையெல்லாம் வேண்டாம் என்று சொல்பவரிடம் போவதைப் பற்றி இரண்டு தடவை யோசியுங்கள். வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிள் விபத்து நேர்ந்தாலும் சொக்சோவில் பாதுகாப்பு உண்டு. ரவாங் சாலைகளைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. அடையாள அட்டைச் சிக்கல் தீராத பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தக் கதவுகள் எல்லாம் அதனால் மூடிக்கொள்ளும். பதினெட்டு வயது வரை தள்ளிப் போடாமல் பதிவு இலாகாவுக்கு இப்போதே அலையத் தொடங்குங்கள்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரச் சிமெண்டு தோலைச் சுடும். உடனே தெரியாது, இரவில் தெரியும். கையுறையும் கணுக்காலுக்கு மேலே வரும் பூட்சும் இல்லாமல் அதில் நிற்கக் கூடாது. கல்லை உலரவிட்டு வெட்டினால் எழும்பும் புகை போன்ற தூசி நுரையீரலில் தங்கிவிடும், திரும்ப வராது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்ட வேண்டும், நல்ல முகமூடி போட வேண்டும். துண்டைச் சுற்றிக்கொள்வது முகமூடி ஆகாது.

கற்றுக்கொள்ள வெளியே போகும் முன் வீட்டிலேயே கையைப் பழக்கலாம். குழாயடியிலிருந்து சமையலறை வாசல் வரை, அல்லது கோயில் வாசலில், பத்தடிப் பாதை ஒன்று போதும். மேலே சொன்ன வரிசையில் தோண்டி, அடித்து, ஓரம் கட்டி, மணல் இழுத்து, கல் பதித்து, இடைவெளிகளில் உலர்ந்த நைஸ் மணலைத் துடைப்பத்தால் பெருக்கி நிரப்பி, இயந்திரத்தால் அடித்து, மறுபடியும் பெருக்குங்கள். இரண்டு வாரம் கழித்து மணல் சற்று இறங்கியிருக்கும். அப்போது இன்னொரு முறை பெருக்கி நிரப்ப வேண்டும். அந்த வேலையை வீட்டுச் சின்னப் பிள்ளையிடம் துடைப்பத்தைக் கொடுத்தே முடித்துவிடலாம்.